பாண் வண்டிக்கு எறும்பு வழி: திருகோணமலையில் விநியோக ஓட்டத்தைக் கணினியால் வகுப்பது எப்படி

அனுராதபுரச் சந்தியிலிருந்து நிலாவெளிக்குப் போக எறும்பு, அதாவது எறும்புக் கூட்டத்தைப் பார்த்து வழி வகுக்கும் கணினி முறை, தேவையில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குறுகிய வழி தேடுவது எப்போதோ தீர்ந்துபோன கணக்கு. டைக்ஸ்ட்ரா 1959 இல் வெளியிட்ட முறையும் அதன் வழிவந்தவையும் கைபேசி வரைபடத்துக்குள் இருந்துகொண்டு அதை நொடியில் செய்து தருகின்றன. அந்த வேலைக்கு எறும்பு, தேனீ, பறவைக்கூட்டம் என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பவர் நேரத்தை வீணாக்குகிறார்.

ஒரே விடியலில் முப்பது கடைகளுக்குப் பாண் இறக்க வேண்டும், மூன்று வண்டிகள் இருக்கின்றன, எந்த வண்டி எந்தக் கடைகளுக்கு எந்த ஒழுங்கில் போவது என்று கேட்டால் கதை வேறு. முப்பது கடைகளை வரிசைப்படுத்தும் வழிகளின் எண்ணிக்கை 33 இலக்கம் கொண்டது. ஒவ்வொன்றாகச் சோதிக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. இந்த வகைக் கணக்கை முதலில் எழுதியவர்கள் டான்சிக், ராம்சர் இருவரும், ஆண்டு 1959. அவர்கள் எடுத்துக்கொண்டது, எண்ணெய்க் களஞ்சியம் ஒன்றிலிருந்து பெற்றோல் நிலையங்களுக்குப் போகும் லொறிகளை. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இது அந்நியமான கணக்கு அல்ல.

இந்தக் கணக்குக்குத்தான் எறும்பு முறை உதவும். அதை எழுத நூறு வரிப் பைதான் நிரல் போதும். அரை நாள் வேலை. வண்டிகள் உண்மையில் எவ்வளவு நேரத்தில் எங்கே போகின்றன என்ற அட்டவணையைச் சரியாக எடுக்க ஒரு கிழமை ஆகும். விடை நன்றாக வருவதும் நாறிப்போவதும் அந்த ஒரு கிழமையில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கையேட்டின் பாதி அட்டவணையைப் பற்றியது.

எடுத்துக்காட்டு இப்படி இருக்கட்டும். நகருக்குள் ஒரு பேக்கரி. ஒரு வான், அதில் 40 தட்டு ஏறும். இரண்டு ஆட்டோ, ஒவ்வொன்றிலும் 18 தட்டு. கடைகள் 30, ஒவ்வொன்றும் 1 முதல் 5 தட்டு வரை கேட்கிறது, மொத்தம் 71 தட்டு. வண்டிகள் 4.45க்குப் புறப்படும். தேத்தண்ணிக் கடைகளுக்கு 6.15க்கு முன்பும், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளுக்கு 7.15க்கு முன்பும் பாண் போய்ச் சேர வேண்டும். ஒரு கடையில் இறக்கிக் கணக்கு எழுத 4 நிமிடம்.

கடைகளைக் குறித்துக்கொள்வது

முகவரியை வைத்து இடம் கண்டுபிடிக்க முயல வேண்டாம். "மூன்றாம் கட்டை, ஆலமரத்துக்கு எதிர்ப்பக்கம்" என்பதை எந்த வரைபடமும் புரிந்துகொள்ளாது. கடை வாசலில் நின்று கைபேசியில் புள்ளியை எடுங்கள். அகலாங்கும் நெட்டாங்கும் ஐந்து தசம தானத்துக்கு இருந்தால் ஏறத்தாழ ஒரு மீற்றர் துல்லியம் கிடைக்கும். கடையின் நடுவில் புள்ளி வைக்காமல் வண்டி நிற்கும் வீதி ஓரத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் பின்பக்க ஒழுங்கை அருகில் இருக்கிறது என்று வரைபடம் கடையை அங்கே ஒட்டிவிடும். வண்டி சுற்றிச் சுற்றிப் போய் மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

எல்லாரும் ஒரு தடவையாவது செய்யும் பிழை ஒன்று உண்டு. திருகோணமலை நகரம் அகலாங்கு 8.57, நெட்டாங்கு 81.23 அளவில் இருக்கிறது. ஓஎஸ்ஆர்எம் போன்ற வழித்தேடி மென்பொருள்கள் நெட்டாங்கை முதலில் கேட்கும். கைபேசி அகலாங்கை முதலில் தரும். மாற்றிக் கொடுத்தால் பேக்கரி ஆர்க்டிக் கடலுக்குள் போய்விடும். பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. எல்லாக் கடைகளும் தரவிலுள்ள ஏதோ ஒரு மூலை வீதியில் ஒட்டிக்கொள்ள, தாயம் (இடத்துக்கு இடம் போகும் நேரங்களின் அட்டவணை) முழுவதும் பூச்சியமாகவோ அபத்தமாகவோ வந்து நிற்கும்.

நேரத் தாயம்

தேவையானது 31 நிரை, 31 நிரல் கொண்ட ஒரு தாயம்: பேக்கரி ஒன்று, கடைகள் முப்பது. மூலைவிட்டத்தை விட்டால் 930 எண்கள். ஒவ்வொன்றும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் நேரம், செக்கனில்.

நேர்கோட்டுத் தூரத்தை எடுத்துச் சராசரி வேகத்தால் வகுக்கலாமே என்று தோன்றும். திருகோணமலையில் அது கூடவே கூடாது. இது கடல் உள்ளே புகுந்து புகுந்து வெட்டிய ஊர். உவர்மலையில் நின்று பார்த்தால் சீனக்குடா எதிரே தெரியும். வண்டி உள்துறைமுகத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். மூதூர் கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் இருக்கிறது, பாதையோ கிண்ணியா வழியாக. நேர்கோட்டை நம்பிய எறும்பு வானைத் தண்ணீருக்கு மேலால் அனுப்பும். வரைபடத் தரவில் படகுச் சேவை குறிக்கப்பட்டிருந்தால் இன்னொரு தொல்லையும் வரும்: ஆட்கள் ஏறும் படகில் வானையும் ஏற்றிக் கணக்குப் போடும் மென்பொருள் இருக்கிறது. அமைப்புக்குள் போய்ப் படகுப் பாதையை நிறுத்திவிடுங்கள்.

அடிப்படை எண்களை ஓபன்ஸ்ட்ரீட்மப் தரவிலிருந்து எடுக்கலாம். இலங்கைக் கோப்பை இறக்கி, உங்கள் கணினியிலேயே ஓஎஸ்ஆர்எம்மை ஓட்டி, அட்டவணைச் சேவையிடம் 31 புள்ளிகளையும் கொடுத்தால் முழுத் தாயமும் ஒரே பதிலில் வரும். கடை நிற்கும் பக்கமாகவே வண்டி வந்து நிற்க வேண்டும் என்று கேட்கும் வசதியும் அதில் உண்டு. நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். நிலாவெளி வீதியில் வலப்பக்கக் கடைக்குக் குறுக்கே வெட்டிப் போவதும் இடப்பக்கக் கடையில் ஒதுங்கி நிற்பதும் ஒரே செலவு அல்ல.

வருகிற எண்கள் பெரும்பாலும் நப்பாசை எண்கள். வீதியின் வகையைப் பார்த்து வேகத்தை ஊகிப்பதால் பிரதான வீதியில் நிறுத்தியிருக்கும் லொறியையோ, கோட்டைப் பக்கம் விடியற்காலையில் தார் வீதியில் படுத்திருக்கும் மான்களையோ மென்பொருள் அறியாது. திருத்தும் வழி இது. பன்னிரண்டு துண்டுகளைத் தெரிந்தெடுங்கள்: நகருக்குள் ஆறு, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மூன்று, கன்னியா வீதியில் மூன்று. ஒவ்வொரு துண்டையும் அதே நேரத்தில், அதே வகை வண்டியில், மூன்று நாள் ஓடி நேரம் எடுங்கள். மூன்றில் இடையத்தை, அதாவது நடு எண்ணை, வைத்துக்கொள்ளுங்கள். சராசரியை எடுத்தால் ஒரு நாள் ரயர் காற்றுப்போனது முழுக் கணக்கையும் கெடுக்கும். அளந்த நேரத்தை மென்பொருள் சொன்ன நேரத்தால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். நகருக்குள் 1.5, வெளிவீதியில் 1.1 என்பதுபோல் இரண்டு தொகுதியாகப் பிரிந்தால் இரண்டு விகிதத்தையும் தனித்தனியே பெருக்குங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் போட்டால் தூரக் கடைகள் தண்டனை பெறும்.

வானுக்கும் ஆட்டோவுக்கும் ஒரே தாயம் போதாது. ஆட்டோவுக்குச் சட்டப்படி மணிக்கு 40 கிலோமீற்றர்தான். வெளிவீதியில் 10 கிலோமீற்றரை 60 இல் போகும் வான் 10 நிமிடத்தில் முடிக்கும், ஆட்டோவுக்கு 15 நிமிடம். நகருக்குள்ளோ ஆட்டோ முந்தும். ஒழுங்கைக்குள் திருப்ப அதற்கு இடம் போதும். இரண்டு தாயம் கொடுத்துவிட்டால், நிலாவெளிக் கடைகள் வானுக்கும் திருக்கடலூர் ஒழுங்கைகள் ஆட்டோவுக்கும் தாமாகவே போய்ச் சேருவதைப் பார்க்கலாம். அதற்கென்று தனி விதி எழுதத் தேவையில்லை.

எறும்பிடம் கொடுக்குமுன் தாயத்தில் மூன்று சோதனை செய்யுங்கள்.

முதலாவது, போகும் நேரமும் வரும் நேரமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒருவழி வீதி உள்ள நகரில் தாயம் சமச்சீராக இருக்க வழியில்லை. எங்கேயோ நேர்கோட்டுத் தூரம் புகுந்திருக்கிறது.

இரண்டாவது, பக்கத்துப் பக்கத்துக் கடைகளுக்கு இடையில் 0 செக்கன் வந்திருக்கும். பின்னால் இந்த நேரத்தால் வகுக்கப்போகிறோம், பூச்சியத்தால் வகுத்தால் பைதான் நிரல் நின்றுவிடும். 15 செக்கனுக்குக் குறைந்த எல்லாவற்றையும் 15 ஆக்குங்கள்.

மூன்றாவது, கையால் சில எண்களைத் திருத்திய பிறகு, நேரே போவதைவிட இன்னொரு கடை வழியாகப் போவது விரைவு என்று தாயம் சொல்லத் தொடங்கலாம். எல்லாச் சோடிக்கும் குறுகிய வழி காணும் ஃபுளோய்ட்-வார்ஷல் முறையை ஒரு தடவை தாயத்தின் மேல் ஓட்டினால் அது சரியாகும். மூன்று சுற்றுக் கட்டளை கொண்ட ஐந்து வரி நிரல்தான்.

எறும்பு என்ன செய்கிறது

ஆர்ஜென்டீன எறும்புகளை வைத்து பெல்ஜியத்தில் கோஸ், டெனபூர் முதலியோர் செய்து 1989 இல் வெளியிட்ட பரிசோதனையில் புற்றுக்கும் இரைக்கும் இடையில் இரண்டு பாலங்கள், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. குட்டைப் பாலத்தில் போன எறும்பு முதலில் திரும்பி வரும்; அதன் மணம் அந்தப் பாலத்தில் முதலில் ஏறும்; அடுத்த எறும்பு மணம் கூடிய பக்கம் சாயும். கொஞ்ச நேரத்தில் கூட்டம் குட்டைப் பாலத்தில் நடக்கும். இதைக் கணக்காக்கி 1992 இல் மிலானோவில் கலாநிதிப் பட்ட ஆய்வாக எழுதியவர் மார்கோ டொரிகோ.

அதே பரிசோதனையில் பலரும் கவனியாத பகுதி ஒன்று இருக்கிறது. முதலில் நெட்டைப் பாலத்தை மட்டும் வைத்து, அரை மணி நேரம் கழித்துக் குட்டைப் பாலத்தைத் திறந்தால், எறும்புகள் பெரும்பாலும் பழைய நெட்டைப் பாலத்திலேயே நடந்தன. மணம் அங்கே ஊறிவிட்டது. 2009 இல் 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகும் ஊர் முழுவதும் பழைய துறையடியிலேயே 'பாதை' என்ற படகுக்குக் காத்து நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்த நிலைதான். ஆகவே கணினி எறும்புக்கு இயற்கையில் இருப்பதைவிட வேகமாக மணம் ஆவியாக வேண்டும். எதையும் முற்றாக மறக்கவும் விடக்கூடாது. கீழே வரும் மேல் எல்லையும் கீழ் எல்லையும் அதற்காகத்தான்.

ஒவ்வொரு கடைச் சோடிக்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மணம், அது மாறிக்கொண்டே இருக்கும். மற்றது கவர்ச்சி, 1 ஐப் பயண நேரத்தால் வகுத்தால் வருவது, மாறாது. மணத்தை அல்பா என்ற அடுக்குக்கும் கவர்ச்சியைப் பீட்டா என்ற அடுக்குக்கும் உயர்த்திப் பெருக்கினால் அந்தக் கடையின் நிறை. எறும்பு நிறைக்கேற்ற நிகழ்தகவோடு அடுத்த கடையைத் தெரிகிறது.

ஒரு தெரிவைக் கிட்ட நின்று பார்ப்போம். எறும்பு மட்டிக்களியில் ஒரு கடையில் நிற்கிறது. மிச்சம் மூன்று கடைகள்: 2 நிமிடம், 4 நிமிடம், 8 நிமிடம். மணம் முறையே 1, 3, 4. அல்பா 1, பீட்டா 2. கவர்ச்சிகள் 0.5, 0.25, 0.125, அவற்றின் வர்க்கம் 0.25, 0.0625, 0.015625. மணத்தால் பெருக்க 0.25, 0.1875, 0.0625. கூட்டினால் 0.5. ஆக நிகழ்தகவுகள் 50, 37.5, 12.5 சதவீதம். 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எழுமாற்று எண் எடுக்கிறோம், 0.71 விழுகிறது என்று வைப்போம். 0.5 ஐத் தாண்டியது, 0.875 ஐத் தாண்டவில்லை. எறும்பு இரண்டாவது கடைக்குப் போகிறது. கிட்ட இருந்ததை விட்டுவிட்டு, முந்தைய எறும்புகள் நல்லது என்று மணம் வைத்த கடைக்கு.

இதையே பீட்டா 5 என்று வைத்துக் கணக்கிட்டால் நிகழ்தகவுகள் ஏறத்தாழ 91, 8.5, 0.4 ஆகிவிடும். எறும்பு எப்போதும் அடுத்த வாசலுக்கே தாவும். மணம் சொல்வது காதில் விழாது. பீட்டாவை 2க்கும் 5க்கும் இடையில் வைக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. முப்பது கடை அளவுக்கு 3 இல் தொடங்குங்கள்.

ஒரு சுற்றின் நடை

1. ஒவ்வொரு எறும்பும் வெறும் வண்டியோடு பேக்கரியில் தொடங்குகிறது. இன்னும் போகாத கடைகளில், மீதித் தட்டுக்குள் அடங்குபவை மட்டும் தெரிவுப் பட்டியலில் வரும்.

2. மேலே சொன்னபடி அடுத்த கடை. பயண நேரத்தையும் 4 நிமிடத்தையும் கடிகாரத்தில் கூட்டுகிறது.

3. பட்டியல் வெறுமையானால் பேக்கரிக்குத் திரும்பி அடுத்த வண்டியை எடுக்கிறது. திரும்பும் நேரமும் செலவில் சேரும். இதைக் கூட்ட மறந்த நிரல்கள் கடைசிக் கடையை எப்போதும் ஊருக்கு அப்பால் வைக்கும். அந்த அடையாளத்தைக் கண்டால் இங்கே வந்து பாருங்கள்.

4. முப்பது எறும்பும் முடித்த பின் எல்லா மணத்தையும் ஆவியாக்குகிறோம்: ஆவி வீதம் 0.1 என்றால் ஒவ்வொரு எண்ணையும் 0.9 ஆல் பெருக்குவது.

5. சிறந்த ஓர் எறும்பு மட்டும் தான் போன வழியில் மணம் இடுகிறது. அளவு, 1 ஐ அதன் மொத்தச் செலவால் வகுத்தது.

செலவு என்பது மூன்று சாரதிகளின் மொத்த நேரமும், பிந்திய ஒவ்வொரு நிமிடத்துக்கும் 5 நிமிடத் தண்டமும். பிந்துவதை முற்றாகத் தடை செய்தால் தொடக்கச் சுற்றுகளில் எந்த எறும்பும் ஊர் போய்ச் சேராது, மணம் இட ஆள் இருக்காது. தண்டமாக வைத்தால் கெட்ட வழியிலிருந்து குறைந்த கெட்ட வழிக்கு நகரும். தட்டுக் கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 18 தட்டு ஏறும் ஆட்டோவில் 19 ஏறாது.

எல்லாரும் மணம் இட்டதுதான் ஆரம்ப முறை. சிறந்தவர் மட்டும் இட்டு, மணத்துக்கு மேல் எல்லை, கீழ் எல்லை வைப்பது ஷ்டுட்ஸ்லே, ஹூஸ் இருவரும் 2000 இல் விரித்து எழுதிய முறை. இந்த வேலைக்கு அதுவே போதும். எல்லைகளை இப்படி எடுங்கள். எப்போதும் கிட்டிய கடைக்கே போகும் எளிய வழியை முதலில் ஓடவிட்டு அதன் செலவைப் பாருங்கள். 14,400 செக்கன் வந்தது என்றால், மேல் எல்லை 1 ஐ 0.1 × 14,400 ஆல் வகுத்தது, அதாவது 0.000694. கீழ் எல்லை, அதைக் கடை எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்தது: 60 ஆல் வகுக்க 0.0000116. தொடக்கத்தில் எல்லா மணமும் மேல் எல்லையில் இருக்கட்டும். இன்னும் நல்ல விடை கிடைக்கும்போதெல்லாம் எல்லைகளைப் புதுச் செலவால் மீண்டும் கணக்கிடுங்கள்.

ஆவி வீதம் என்பது நினைவின் நீளம். 0.1 இல் பத்துச் சுற்றுக்குப் பின் பழைய மணத்தில் 35 சதவீதம் மிஞ்சும். 0.5 இல் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், அது மறதி நோய். 0.02 இல் 82 சதவீதம் மிஞ்சும். நேரம் தாராளமாக இருந்தால் நல்ல விடை தரும், அவசரத்துக்கு உதவாது.

30 எறும்பு, 500 சுற்று. கவர்ச்சியின் அடுக்கை ஒவ்வொரு தடவையும் கணக்கிடாமல் முன்கூட்டியே ஒரு தாயமாக வைத்தால் சாதாரண லப்டொப்பில் ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

எறும்பு வழி வகுத்ததும் ஒரு சின்னக் கைவேலை சேர்த்தால் விடை குறிப்பிடத்தக்க அளவு ஏறும்: அடுத்தடுத்த ஒன்று, இரண்டு அல்லது மூன்று கடைகளை அப்படியே தூக்கி வேறிடத்தில் செருகிப் பார்ப்பது, செலவு குறைந்தால் வைத்துக்கொள்வது. புத்தகங்கள் அதிகம் சொல்வது வழியின் ஒரு துண்டைத் தலைகீழாக்கும் முறையை. ஒருவழி வீதிகள் உள்ள தாயத்தில் துண்டைத் திருப்பினால் உள்ளே உள்ள ஒவ்வொரு பயணமும் மாறும். இரண்டு முனையை மட்டும் கணக்கிட்டுவிட்டுச் செலவு குறைந்தது என்று நம்பினால் நிரல் பொய் சொல்லத் தொடங்கும்.

கெட்டுப்போகும் இடங்கள்

கடை மிஞ்சிவிடுகிறது. 76 தட்டு இடத்தில் 71 தட்டு ஏற்றுகிறோம். மூன்று வண்டியும் முறையே 37, 15, 15 தட்டோடு நிரம்பி, ஒவ்வொன்றிலும் 3 தட்டு இடம் மிஞ்ச, 4 தட்டுக் கடை ஒன்று நிலத்தில் நிற்கும். மொத்தமாகப் பார்த்தால் 9 தட்டு இடம் இருக்கிறது, ஆனால் எந்த வண்டியிலும் நாலு இல்லை. இது எறும்பின் குற்றம் அல்ல, பெட்டி அடுக்கும் கணக்கின் குணம். இரண்டு மருந்து உண்டு. அதிகத் தட்டுக் கேட்கும் கடைகளின் கவர்ச்சியைக் கொஞ்சம் கூட்டினால் அவை முதலில் ஏறும், சில்லறை கடைசியில் இடுக்குகளை நிரப்பும். அது போதாவிட்டால் ஓர் ஆட்டோவுக்கு இரண்டாம் ஓட்டத்தை அனுமதித்து, மீண்டும் ஏற்ற 10 நிமிடம் சேருங்கள். எல்லா எறும்பும் வானையே முதலில் எடுப்பதும் நல்லதல்ல. வண்டி ஒழுங்கை எழுமாறாக மாற்றிக் கொடுங்கள்.

எல்லா எறும்பும் ஒரே வழியில் போகின்றன. ஒரு சுற்றின் முப்பது செலவுகளும் ஒன்றாக வந்தால் தேடல் செத்துவிட்டது. ஐம்பதாவது சுற்றுக்கு முன்பே இப்படி ஆனால் ஆவி வீதத்தைக் குறையுங்கள், கீழ் எல்லை உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். 100 சுற்றாக முன்னேற்றம் இல்லையென்றால் எல்லா மணத்தையும் மேல் எல்லைக்கு ஏற்றி மீண்டும் தொடங்கலாம். சிறந்த விடையை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஐந்நூறாவது சுற்றும் முதலாவதைப்போலவே இருக்கிறது. பெரும்பாலும் நிரல் பிழை. மணம் இடும்போது 1 ஐச் செலவால் வகுக்காமல் செலவையே இட்டிருப்பார்கள். கெட்ட வழி அதிகம் மணக்கும். அல்லது போகும் திசைக்கும் வரும் திசைக்கும் சேர்த்து மணம் இட்டிருப்பார்கள். அல்லது தாயம் செக்கனில், காலக்கெடு நிமிடத்தில்.

நிரல் சரிதானா என்று அறிய இன்னொரு நிரலோடு மோதவிடுவதே வழி. கிளார்க், ரைட் இருவரும் 1964 இல் தந்த மிச்சப்படுத்தும் முறையை எழுத ஒரு மணித்தியாலம் போதும்: பேக்கரியிலிருந்து இரண்டு கடைகளுக்கும் உள்ள நேரங்களைக் கூட்டி, அக்கடைகளுக்கிடையிலான நேரத்தைக் கழித்தால் வருவது, அவற்றை ஒரே ஓட்டத்தில் சேர்ப்பதால் கிடைக்கும் மிச்சம், பெரிய மிச்சத்திலிருந்து சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எறும்பு அதை வெல்லாவிட்டால் எறும்பில் பிழை இருக்கிறது. கூகிள் இலவசமாகத் தரும் ஓஆர்-டூல்ஸையும் அதே தாயத்தோடு ஓட்டிப் பாருங்கள். அது உங்கள் எறும்பை நிரந்தரமாக வென்றுகொண்டிருந்தால் அதையே பாவியுங்கள், வெட்கம் ஒன்றும் இல்லை.

எழுமாற்று எண்களைத் தொடக்கிவைக்கும் விதை எண்ணை 1 முதல் 10 வரை மாற்றிப் பத்துத் தடவை ஓட்டுங்கள். சிறந்த விடைக்கும் மோசமான விடைக்கும் 3 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் சுற்றுகளைக் கூட்டுங்கள். ஒரே ஓட்டத்தைப் பார்த்து ஆவி வீதத்தை மாற்றுவது காற்றைப் பார்த்துப் பட்டத்தின் வாலை வெட்டுவதுபோல.

எறும்புக்குப் பதில் மின்மினி, குயில், ஓநாய் என்று ஆண்டுதோறும் புதுப் பெயர்கள் வருகின்றன. அவற்றில் பல, பழைய முறைக்குப் புது உடுப்பு. மரபணு முறை மட்டும் உண்மையான போட்டியாளர். இரண்டு வழிகளை வெட்டி ஒட்டும்போது ஒரு கடை இரண்டு தடவை வந்து, இன்னொன்று ஒரு தடவைகூட வராமல் போகும் என்பதால், ஒழுங்கைக் காக்கும் கலப்பு முறையைத்தான் அதில் எழுத வேண்டும்.

நெரிசல் நேரம்

விடியற்கால ஓட்டத்துக்கு ஒரு தாயம் போதும். பின்னேரப் பணிஸ் ஓட்டம் பாடசாலை விடும் 1.30 ஐத் தொடும், அப்போது 1.15 முதல் 2.15 வரைக்கு வேறு தாயம் வேண்டும். இரண்டு தாயத்துக்கும் நடுவிலுள்ள எல்லையில் ஒரு கண்ணி இருக்கிறது. நெரிசலில் 11 நிமிடம், பிறகு 6 நிமிடம் எடுக்கும் ஒரு பயணம். 2.14க்குப் புறப்பட்டால் 2.25க்குச் சேரும், 2.16க்குப் புறப்பட்டால் 2.22க்கே சேரும் என்று கணக்கு சொல்லும். பிந்திப் புறப்பட்டவர் முந்திச் சேருகிறார்! எறும்பு இந்த ஓட்டையை உடனே கண்டுபிடித்து அதைச் சுற்றியே வழி பின்னும்.

அடைக்கும் வழி, பயணத்தைப் பங்கு பங்காகக் கணக்கிடுவது. 2.14க்குப் புறப்பட்ட வண்டி 2.15 வரையான ஒரு நிமிடத்தில் 11 இல் ஒரு பங்கை முடிக்கும். மிச்சம் 11 இல் பத்துப் பங்கு, புது வேகத்தில் 6 நிமிடத்தின் அந்தப் பங்கு, 5.45 நிமிடம். சேரும் நேரம் 2.20 கடந்து 27 செக்கன். முந்திப் புறப்பட்டவர் முந்தியே சேருவார்.

வீதி மூடப்படும் நாட்கள் தனி. கோணேசர் நகர்வலம் வரும் நாளில் சில வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். தாயத்தில் இரண்டொரு எண்ணைப் பெருப்பித்துவிட்டால் போதும் என்று நினைப்பது பிழை. தாயத்தில் இருப்பவை கடைச் சோடிகள், வீதிகள் அல்ல. ஒரு வீதி மூடினால் அதன் வழியே போன எல்லாச் சோடிகளின் நேரமும் மாறும். வரைபடத் தரவில் அந்த வீதியை அடைத்து, முழுத் தாயத்தையும் புதிதாக எடுக்க வேண்டும். மணத்தை மட்டும் அழிக்க வேண்டாம். ஒவ்வொரு மணத்துக்கும் மேல் எல்லைக்கும் உள்ள இடைவெளியில் பாதியைக் கூட்டுங்கள். பழைய அறிவு மங்கலாக மிஞ்சும், புது வழியும் திறக்கும். நூறு சுற்றில் நல்ல விடை வரும்.

கோட்டைக்குள் இருக்கும் கடைகளை ஒரே வண்டிக்குக் கட்டிவிடுவது நல்லது. வாசல் ஒன்று, உள்ளே போன வண்டி அதே வழியால்தான் வெளியே வரும். நல்ல தாயம் இருந்தால் எறும்பே இதைக் கற்றுக்கொள்ளும், ஆனால் முடிந்த முடிவைக் கற்பிக்க ஐம்பது சுற்றைச் செலவழிப்பானேன்? அவற்றை ஒரே கடையாகக் கூட்டி, தட்டையும் இறக்கும் நேரத்தையும் கூட்டிக் கொடுங்கள்.

சாரதி கையில் கொடுக்கும் தாள்

விடை வந்ததும் முதல் மூன்று நாள் சாரதியோடு ஒருவர் போய், ஒவ்வொரு கடையிலும் சேர்ந்த நேரத்தைக் குறிக்க வேண்டும். தாளில் உள்ள நேரத்துக்கும் உண்மைக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும் இடத்தில் தாயத்தைத் திருத்துங்கள், அல்பாவையும் பீட்டாவையும் தொடாதீர்கள். "அந்த ஒழுங்கைக்குள்ள வான் திரும்பாது, தம்பி" என்று சாரதி சொன்னால் அது தரவு. அந்தக் கடையை வானுக்கு மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

தாளில் கடை ஒழுங்கு, சேரும் நேரம், தட்டு எண்ணிக்கை மூன்றும் போதும். அதோடு ஏற்றும் ஒழுங்கைத் தனியாக, தலைகீழாக அச்சிடுங்கள். பின்கதவு மட்டும் திறக்கும் வண்டியில் கடைசிக் கடையின் தட்டுகள் முதலில் ஏறி உள்ளே போக வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு கடையிலும் பத்துத் தட்டை இறக்கி ஏற்றுவார்கள். 4 நிமிடம் என்று கணக்கிட்டது 9 ஆகும், உப்புவெளியைத் தாண்டுமுன்பே 6.15 போய்விடும்.